ஜப்பானிய மொழியில் ‘ஒட்டாத மனிதர்’ என்று சொல்ல எந்தச் சொல்? (சுமெத்தாய், மிஸுக்குஸாய், சுரெனாய்…)

ஜனவரி 8 (வாசகர் கேள்வி)

என் மேலாளர் யாரிடமும் ஒட்டமாட்டார். அவரைப் பற்றி ஜப்பானிய வகுப்புக் கட்டுரையில் ‘சமுய் ஹித்தோ’ (ஹித்தோ என்றால் மனிதர்) என்று எழுதினேன். குளிர் என்றால் சமுய்தானே? ஆசிரியை சிரித்துவிட்டு ‘சுமெத்தாய்’ என்று திருத்தினார். அகராதியைத் திறந்தால் ரெய்த்தன், ஹக்குஜோ, சொக்கெனாய், யொசொயொசொஷீ, மிஸுக்குஸாய் என்று வரிசையாக நிற்கின்றன. எல்லாவற்றுக்கும் ‘அன்பற்ற, பாராமுகமான’ என்றே பொருள் போட்டிருக்கிறது. எதை வேண்டுமானாலும் போடலாமா?

ஜனவரி 8, இரவு

போட முடியாது. முதலில் ஆசிரியை ஏன் சிரித்தார் என்பதைப் பார்ப்போம்.

சமுய் என்பது உடம்பு முழுக்க உணரும் குளிர். ஜனவரிக் காற்று, ஹீட்டர் இல்லாத அறை, இதெல்லாம் சமுய். சுமெத்தாய் தொட்டால் தெரியும் குளிர். ஆற்றுத் தண்ணீர், இரும்புக் கைப்பிடி, பீர் பாட்டில். ஜப்பானில் இறங்கியதும் யாரும் தப்பாமல் பார்க்கும் சொல் இதுதான். தானியங்கி விற்பனை இயந்திரத்தில் பானங்களுக்குக் கீழே நீலப் பட்டையில் ‘சுமெத்தா…ய்’ என்றும் சிவப்புப் பட்டையில் ‘அத்தக்கா…ய்’ என்றும் போட்டிருக்கும். நடுவில் ஒரு நெளிகோடு போட்டு ஓசையை இழுத்திருப்பார்கள். (அத்தக்காய் காய்கறி இல்லை. சூடானது, இதமானது.)

மனிதரைச் சொல்லும்போது சுமெத்தாய் ஹித்தோ என்றால் அன்பில்லாதவர். சமுய் என்றால் கதையே வேறு. சிரிப்பு வராத ஜோக் சொல்பவரைத்தான் அப்படிச் சொல்வார்கள். நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு மூத்தவர் ‘ஃபுத்தோன் கா ஃபுத்தோந்தா’ என்பார். மெத்தை பறந்து போச்சு என்று பொருள், அவ்வளவுதான் சிலேடை. எல்லாரும் தோளைக் குறுக்கிக்கொண்டு ‘சமுய்’ என்பார்கள். உங்கள் மேலாளர் ஜோக் சொல்கிற ஆள் இல்லை என்று நினைக்கிறேன்.

ஜனவரி 9

இன்னொன்று. சுமெத்தாய் என்ற சொல்லின் பிறப்புக்குப் பரவலாகச் சொல்லப்படும் விளக்கம்: சுமெ என்றால் நகம், இத்தாய் என்றால் வலிக்கிறது. நகம் வலிக்கும் குளிர். குளிர்காலத்தில் சுடுநீர் வராத குழாயில் பாத்திரம் கழுவியவருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

இலக்கணம்: இது இ-உரிச்சொல். சுமெத்தக்குனாய் (அப்படி இல்லை), சுமெத்தகத்தா (அப்படி இருந்தார்) என்று அதுவே திரியும். ரெய்த்தன் அப்படித் திரியாது, பெயருக்கு முன்னால் ‘ந’ வேண்டும். ரெய்த்தன் ந ஹித்தோ. தேர்வில் இங்கேதான் மதிப்பெண் போகும்.

ஜனவரி 12

மற்றச் சொற்களை ஒரே மூச்சில் சொல்லக் கேட்கிறீர்கள். முயல்கிறேன்.

ரெய்த்தன் எழுத்து மொழி. செய்தித்தாளில் ‘அரசின் ரெய்த்தன் ந அணுகுமுறை’ என்று வரும். வீட்டில் யாரும் ஒருவர் முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல மாட்டார்கள். ஆனால் எழுதிப் பார்க்க அழகான சொல். முதல் கஞ்சியில் (குடிக்கும் கஞ்சி இல்லை, ஜப்பானியர் எழுதும் சீன எழுத்து) பனிக்கட்டியின் இரண்டு துளி இருக்கிறது. இரண்டாவது கஞ்சியில் இடப்பக்கம் தண்ணீர், வலப்பக்கம் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு தீ. இவ்வளவு தீயும் சேர்ந்து அந்த எழுத்துக்குக் கிடைத்த பொருள் ‘வெளிறியது, மங்கலானது’. தண்ணீர் ஜெயித்துவிட்டது போல.

ஹக்குஜோ: மெல்லிய உணர்வு, அதாவது பாசம் மெலிந்தது. கஷ்ட காலத்தில் கைவிட்டவனைச் சொல்வது. ‘ஹக்குஜோமொனோ!’ என்று கத்தலாம், நன்றாக இருக்கும்.

சொக்கெனாய் பெரும்பாலும் ஆளை விட அவர் தந்த பதிலைக் குறிக்கும். நீங்கள் பத்து வரி எழுதி, அவர் ‘சரி’ என்று மட்டும் திருப்பி அனுப்பினால் அது சொக்கெனாய் பதில்.

யொசொயொசொஷீ சுவையானது. யொசொ என்றால் வேறிடம், வெளி. அதையே இரட்டித்து உரிச்சொல் ஆக்கியிருக்கிறார்கள். நேற்று வரை நன்றாகப் பேசியவர் இன்று எட்டி நின்றால் இதுதான் சொல். பிறவியிலேயே ஒட்டாதவருக்கு இது அவ்வளவாகப் பொருந்தாது. மாறியவருக்குத்தான் கச்சிதம்.

மிஸுக்குஸாய்க்குத் தனியாக எழுத வேண்டும். அது வேறு ஜாதி.

ஜனவரி 13

ஒருவர் கேட்கிறார்: ‘சொக்கெனாய், சுரெனாய் என்று எல்லாம் நாயில் முடிகிறதே, திட்டா?’

இல்லை. ‘னாய்’ என்றால் இல்லை. அபுனாய் (ஆபத்து) போன்ற சொற்கள் தற்செயலாக அப்படி முடியும், அது வேறு. ஆனால் முதன்முதலாகக் கேட்கும் தமிழர் யாரும் இந்தச் சிரிப்பைத் தவிர்க்க முடியாது. சிரித்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம்.

ஜனவரி 19

மிஸுக்குஸாய்.

மிஸு தண்ணீர். குஸாய் நாற்றமடிக்கும். முதலில் காதில் விழுந்தபோது எனக்குக் கழிவுநீர்க் குழாய்தான் நினைவுக்கு வந்தது. உண்மையில் இங்கே குஸாய் நாற்றத்தைவிடச் சுவையைத் தொட்டு நிற்கிறது. நீர் கலந்து சப்பென்று ஆனது. நீர்த்த சாக்கேயை (அரிசி மது) அப்படிச் சொல்வார்கள். அதிலிருந்து மனிதருக்கு வந்தது.

நகோயாவுக்கு வெளியே ஒரு பழைய மரவீட்டுக் குடியிருப்பில் இருந்தேன். பக்கத்து வீட்டில் ஒரு பாட்டி, தனியாக. ஒரு குளிர்காலம் காய்ச்சல் வந்து நாலு நாள் போலக் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. பாட்டியைத் தொந்தரவு செய்யக் கூடாது என்ற எண்ணம்தான். ஜப்பானில் பிறருக்குத் தொல்லை தரக் கூடாது என்று வகுப்பிலேயே சொல்லித் தந்திருந்தார்களே. எழுந்து குப்பை போட வந்தபோது பாட்டி என் முகத்தைப் பார்த்து விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். அப்புறம் சொன்ன ஒரே சொல்: ‘மிஸுக்குஸாய் நே.’ சாயங்காலம் அரிசிக் கஞ்சி வந்தது, நடுவில் உமெபோஷி (உப்பில் ஊறிய பிளம்) ஒன்று.

அடுத்த வாரம் நன்றிக்காக, கடையில் காகிதம் சுற்றி முடிச்சுப் போட்ட இனிப்புப் பெட்டி ஒன்றைக் கொண்டுபோய் இரண்டு கையாலும் நீட்டினேன். பாடத்தில் சொன்ன வாக்கியம் ஒன்று விடாமல் சொன்னேன். பாட்டி பெட்டியை வாங்கிக்கொண்டு மறுபடியும் அதே சொல்லைச் சொன்னார்!

சொல்லாமல் இருந்தாலும் மிஸுக்குஸாய், முறைப்படி நன்றி சொன்னாலும் மிஸுக்குஸாய். இரண்டுக்கும் பொது என்னவென்றால் ‘நீ என்னை அந்நியராக நடத்துகிறாய்’ என்பது. குற்றச்சாட்டு மாதிரி இருக்கும், உள்ளே உரிமை இருக்கும். உண்மையிலேயே அந்நியரானவரை யாரும் மிஸுக்குஸாய் என்று சொல்ல மாட்டார்கள். அதனால் உங்கள் மேலாளருக்கு இந்தச் சொல் ஆகாது. நீங்களும் அவரும் நெருக்கம் என்று நீங்களே சொன்னது போல ஆகிவிடும்.

ஜனவரி 20

மேலே விட்டுப்போன ஒன்று. ஒசாகா, கியோத்தோ பக்கம் மிஸுக்குஸாய் என்றால் உப்புப் போதவில்லை என்றும் பொருள். மிசோ சூப்பைக் குடித்துவிட்டுச் சொல்வார்கள்.

இங்கே ஒரு வேடிக்கை. இப்போது இளைஞர்களிடம் ‘ஷியோ-தாயோ’ என்ற சொல் புழங்குகிறது. நேராகச் சொன்னால் ‘உப்பு உபசாரம்’. ஏகேபி48 போன்ற பாட்டுக் குழுக்களின் கைகுலுக்கல் நிகழ்ச்சிகளோடு பரவிய சொல். ரசிகர் வரிசையில் நின்று கை கொடுத்தால் பெண் முகத்தில் சலனமே இல்லாமல் அடுத்த ஆளைப் பார்க்கிறாள், அது ஷியோ-தாயோ. எதிர்ச்சொல் ‘காமி-தாயோ’, தெய்வ உபசாரம். ஆக ஜப்பானில் உப்புக் குறைந்தாலும் பாசமில்லை, கூடினாலும் பாசமில்லை. சமையல்காரர் பாடு திண்டாட்டம்.

ஜனவரி 27

‘நமக்கு ஈரமில்லாதவன்தான் கல் நெஞ்சன், அவர்களுக்குத் தண்ணீர் கலந்தால் கல் நெஞ்சனா?’ என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இந்த இழையில் வந்த கேள்விகளில் எனக்குப் பிடித்தது இது.

நம்மிடம் ஈரம் என்றாலே அன்பு. ‘இன்சொலால் ஈரம் அளைஇ’ என்கிறது குறள். குளிர்ச்சியும் நல்லதுதான். அருளுக்குத் தண்ணளி என்று பெயர், ‘செந்தண்மை பூண்டொழுகலான்’ என்று அந்தணருக்கு இலக்கணம். மனம் குளிர்ந்தது, வயிறு குளிர்ந்தது, கண் குளிரப் பார்த்தேன். கோபம்தான் நமக்குச் சூடு. அதனால் ‘சுமெத்தாய் கொக்கொரோ’வைச் சொல்லுக்குச் சொல் ‘குளிர்ந்த உள்ளம்’ என்று தமிழில் போட்டால் அந்த ஆள் மகான் ஆகிவிடுவார். மொழிபெயர்ப்புக் கதைகளில் இப்படிப் பார்த்திருக்கிறேன்.

ஜப்பானியரிடமும் ஈரம்–வறட்சி பாகுபாடு உண்டு, ஆனால் ஆங்கிலத்திலிருந்து கடன் வாங்கியது. 1950-களில் ‘டொராய்’ (டிரை), ‘வெத்தோ’ (வெட்) என்ற இரண்டும் புழக்கத்துக்கு வந்தன. உறவு, நன்றிக்கடன் என்று உருகாமல் கணக்காக இருப்பவர் டொராய். உருகுபவர் வெத்தோ. இன்றும் டொராய் என்பது முழு வசை கிடையாது. ‘வேலை விஷயத்தில் நான் டொராய்’ என்று தன்னைப் பற்றியே சொல்லிக்கொள்வார்கள். 1987-இல் வந்த அசாஹி சூப்பர் டிரை பீருக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

(ஓனோ சுசுமுவின் தமிழ்–ஜப்பானிய உறவுக் கொள்கையை யாராவது இங்கே கொண்டுவருவார்கள் என்று தெரியும். பெரிய அறிஞர், இவானாமி பழஞ்சொல் அகராதியின் தொகுப்பாசிரியர்களில் ஒருவர். ஆனால் அந்த உறவைப் பெரும்பாலான மொழியியலாளர்கள் ஏற்கவில்லை. இங்கே இரண்டு மொழியும் நேர் எதிராக நிற்கும் இடத்தைப் பேசிக்கொண்டிருக்கிறோம். அதற்குத் தனி இழை தொடங்கிக்கொள்ளுங்கள்.)

ஜனவரி 28

‘நம்மூர் வெயில், அதனால் குளிர்ச்சி நல்லது. அவர்கள் ஊர் பனி, அதனால் கெட்டது’ என்று ஒருவர் இரண்டு வரியில் முடித்துவிட்டார். நேற்று எனக்கும் அப்படித்தான் தோன்றியது. யோசித்தால் அவ்வளவு சுலபமாக இல்லை.

நகோயா ஆகஸ்ட்டைப் பார்த்தவர் ஜப்பானைக் குளிர்நாடு என்று சொல்ல மாட்டார். அங்கே வியர்வையில் நனைந்தபடி மின்விசிறிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போது ‘சுசுஷீ’ என்ற சொல் அமுதம். இதமான குளிர்ச்சி. ‘சுசுஷீ கண்கள்’ என்றால் தெளிந்த அழகான கண்கள். ஆனால் அதே சுசுஷீயை முகத்துக்குப் போடுங்கள்: ‘சுசுஷீ முகத்தோடு’ இருக்கிறான் என்றால் எல்லாம் செய்துவிட்டு எனக்கென்ன தெரியும் என்று உட்கார்ந்திருப்பவன். தட்பவெப்பம் ஒன்றுதான், கண்ணுக்குப் பாராட்டு, முகத்துக்குக் குட்டு. வானிலையை வைத்து உரிச்சொல்லைத் தீர்மானிக்க முடியாது.

பிப்ரவரி 3

சுமெத்தாய்க்குத் திரும்புகிறேன். தொட்டால் தெரியும் குளிர் என்பதை வைத்து மனத்துக்குள் ஒரு கொள்கை கட்டியிருந்தேன். சமுய் என்றால் குளிர்வது எனக்கு. சுமெத்தாய் என்றால் குளிர்ச்சி அந்தப் பொருளில் இருக்கிறது, ஆனால் தொட்டவருக்குத்தான் தெரியும். ஆகவே ஒருவரைச் சுமெத்தாய் என்பவர் அவரைத் தொடுகிற தூரத்துக்குப் போனவர்.

கொள்கை அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒசாகாக்காரர்கள் ‘தோக்கியோ மனிதர்கள் சுமெத்தாய்’ என்று ஊரையே சேர்த்துச் சொல்கிறார்கள். அங்கே யார் யாரைத் தொட்டார்கள்? வழி கேட்டிருப்பார்கள், கடையில் இரண்டு வார்த்தை பேச்சுக் கொடுத்திருப்பார்கள், பதில் வந்திருக்காது. ஆக நெருக்கம் வேண்டாம், எதிர்பார்ப்பு இருந்தால் போதும். கதகதப்பை எதிர்பார்த்துக் கை நீட்டியவர்தான் சுமெத்தாய் என்பார். எதிர்பார்க்காதவருக்கு அது சும்மா ஒரு மனிதர்.

இன்னொரு இடறலும் உண்டு. சமுய், சுமெத்தாய் என்ற பாகுபாடு பழைய நூலில் இவ்வளவு கறாராக இல்லை. அரசவைப் பெண் எழுத்தாளர் செய் ஷோனகொன் தன் ‘தலையணைக் குறிப்புகளி’ல் அரண்மனைக்குப் புதிதாக வந்த நாட்களைச் சொல்கிறார், 10-ஆம் நூற்றாண்டின் கடைசி. அது ‘மிகவும் சுமெத்தகி’ காலம் என்கிறார். பருவத்தைச் சொல்கிறார், பாருங்கள். இன்றைய வகுப்பில் எழுதினால் ஆசிரியை சமுய் என்று திருத்துவார். ஆனால் அடுத்த அடியிலேயே அரசி தெய்ஷியின் கை வருகிறது. உடையின் கைப்பகுதிக்கு வெளியே சற்றே தெரியும் கை, குளிரில் வெளிர்சிவப்புப் பிளம் பூவின் நிறத்தில். பார்க்கிறவள் சொக்கிப்போகிறாள். நகம் வலிக்கும் குளிர் என்ற விளக்கம் இதைப் படிக்கும்போது சரியென்றே படுகிறது. அந்த இடத்தில் அன்புக்குறைவு துளியும் இல்லை.

பிப்ரவரி 4

கை என்றதும்: ‘கை சுமெத்தாயானவருக்கு மனம் அத்தக்காய்’ என்று அங்கே ஒரு பேச்சு உண்டு. சில்லிட்ட கையோடு யாராவது வெட்கப்பட்டால் சமாதானத்துக்குச் சொல்வது. கை சூடாக இருப்பவர்கள் இதைக் கேட்டுவிட்டு என்ன செய்வார்கள் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

பிப்ரவரி 10

‘மரியாதையாகப் பேசுவதே சுமெத்தாய் ஆகுமா?’

ஆகும். அதற்குப் பெயர் ‘தானின்-க்யோகி’, வேற்றாளிடம் காட்டும் ஒழுங்கு. மிஸுக்குஸாய்க்குப் பக்கத்து வீடு. சாதாரணமாக வீட்டில் கணவன் மனைவி ‘தேஸ்’, ‘மஸ்’ என்று மரியாதை விகுதி போட மாட்டார்கள். ஒரு நாள் மனைவி ‘சாப்பாடு மேசையில் இருக்கிறது-தேஸ்’ என்ற தோரணையில் பேசினால் கணவன் என்ன செய்தோம் என்று யோசிக்கத் தொடங்க வேண்டியதுதான். குரல் உயராது, கதவு அறையாது. நம் வீடுகளில் ‘நீ’ திடீரென்று ‘நீங்க’ ஆகும் நாளை நினைத்துக்கொள்ளுங்கள், புரிந்துவிடும்.

வெளிநாட்டுக்காரர்களான நமக்கு இதில் ஒரு சிக்கல். பாடப்புத்தகம் தேஸ்-மஸ்ஸில்தான் தொடங்குகிறது. ஆண்டுக்கணக்கில் நண்பர்களிடமும் அதையே பேசுகிறோம். நாம் பணிவு என்று நினைப்பது அவர்கள் காதில் எட்டி நிற்பதாக விழும். என்னிடம் ஒரு சக ஊழியர் வெளிப்படையாகவே ‘எப்போது இறங்கி வரப்போகிறாய்?’ என்று கேட்டார்.

பிப்ரவரி 16

சுரெனாய் பற்றி யாருமே கேட்கவில்லை. நானே எழுதுகிறேன், எனக்கு இந்தக் குடும்பத்தில் பிரியமான சொல்.

சுரெ, தொடர்பு. னாய், இல்லை. தொடர்பற்ற. பழைய கவிதையில் காதலுக்கு இரங்காத ஆளின் நிரந்தரப் பட்டம் இது. கொக்கின்ஷூ என்ற பழைய கவிதைத் தொகுப்பின் ஆசிரியர் நால்வரில் ஒருவரான மிபு நோ தாதமினெயின் கவிதை ஒன்று, ‘நூறு கவிஞர் நூறு கவிதை’யில் 30-ஆவது. பொருள் இது: விடிகாலை நிலா சுரெனாக்குத் தெரிந்த அந்தப் பிரிவிலிருந்து, வைகறையைப் போலத் துயரமானது எனக்கு வேறில்லை.

இரக்கமில்லாதது எது, நிலாவா, பெண்ணா? இதில்தான் சண்டை. கொக்கின்ஷூவில் இந்தக் கவிதை, போய்ப் பார்க்க முடியாமல் திரும்பும் காதலர் கவிதைகளுக்கு நடுவே இருக்கிறது. அப்படியானால் அவள் கதவைத் திறக்கவில்லை, நிலாவும் அவளைப் போலவே முகம் காட்டியது. ஆனால் நூறு கவிதைகளைத் தொகுத்த தெய்க்கா, இரவெல்லாம் சேர்ந்திருந்து பிரிந்ததாகப் படித்தார் என்பார்கள். அப்போது பெண் மேல் குற்றமில்லை. பிரிய மனமில்லாத இருவருக்கு மேலே, விடிந்ததும் தெரியாதது போல வானத்தில் நிற்கும் நிலாதான் கல் நெஞ்சு. நான் தெய்க்கா கட்சி. முதல் வாசிப்பில் ஒரு புலம்பல்தான் கிடைக்கிறது. இரண்டாவதில் இரவும் கிடைக்கிறது.

1689-இல் பாஷோ வடக்கே நடந்துபோன பயணத்தில், கனசாவா பக்கம் எழுதிய ஹைக்குவிலும் இதே சொல். செக்கச்செவேலென்ற சூரியன், சுரெனாக்கு, ஆனாலும் இலையுதிர் காற்று. அவர் அந்தச் சொல்லை ‘கடினம்’, ‘முகம்’ என்ற இரண்டு கஞ்சிகளில் எழுதினார். கடுமுகம் காட்டும் சூரியன். நடந்து களைத்தவனுக்குச் சூரியன் இரக்கம் காட்டவில்லை, காற்று மட்டும் காட்டியது. தாதமினெக்கு நிலா, பாஷோவுக்குச் சூரியன். நம்மைக் கண்டுகொள்ளாத எதற்கும் இந்தச் சொல் பொருந்துகிறது.

இன்று? ‘சுரெனாய் நா’ என்று பாதி விளையாட்டாகச் சொல்வார்கள். குடிக்கக் கூப்பிட்டு வரவில்லை என்றால். ஆயிரம் வருஷக் கண்ணீர் கடைசியில் பீர்க் கடை வாசலில் வந்து நிற்கிறது.

பிப்ரவரி 17

‘வெள்ளைக் கண்ணால் பார்ப்பது’ என்று ஒரு தொடர் படித்தேன், கண் நோயா என்று ஒருவர். இல்லை. ஷிரோய் மெ, வெறுப்போடு பார்ப்பது. சீனாவில் 3-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ருவான் ஜி, மூங்கில் தோப்பு எழுவரில் ஒருவர், பிடிக்காதவர் வந்தால் கண்ணின் வெள்ளையைக் காட்டுவார், பிடித்தவருக்குக் கருவிழியைக் காட்டுவார் என்பது கதை. உப்பு உபசாரத்தின் மூதாதை என்று வைத்துக்கொள்ளலாம்.

மார்ச் 2

கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். கட்டுரையைச் ‘சுமெத்தாய் ஹித்தோ’ என்றே முடித்துவிட்டாராம். இப்போது கவலை வேறு: மேலாளர் முகத்துக்கு நேரே சொல்ல ஏதாவது சொல் உண்டா?

உண்டு, சொல்லாதீர்கள். சுமெத்தாயை நேரில் சொல்லலாம், ஆனால் நண்பரிடம், விற்பனை இயந்திரத்தின் நெளிகோடு போலக் குரலை இழுத்து, ‘சுமெத்தா…ய்!’ என்று. இழுத்தால் செல்லச் சிணுங்கல். இழுக்காமல் அளந்து சொன்னால் சண்டை. மேலாளரிடம் இரண்டும் வேண்டாம். அலுவலகத்தில் யாராவது விசாரித்தால் ‘கூரு ந ஹித்தோ’ (கூரு, ஆங்கில ‘கூல்’) என்று சொல்லிவைக்கலாம். நிதானமானவர் என்று அவர் எடுத்துக்கொள்வார், நீங்கள் நினைப்பதை நீங்கள் நினைத்துக்கொள்ளலாம். ஹக்குஜோமொனோவை, விடுமுறைக்கு ஊர் போகும்போது உங்களை விட்டுவிட்டு டிக்கெட் போட்ட அறைத்தோழருக்கு வைத்துக்கொள்ளுங்கள்.